மேடையில் தடுமாற்றமா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

"எனக்குச் சபைக் கூச்சம் அதிகம், தைரியம் பத்தாது." பேச்சுப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். புதிதில் நானும் அதை அப்படியே நம்பினேன். முதுகில் தட்டிக்கொடுத்து, "உங்களால் முடியும், போய் வாருங்கள்" என்று அனுப்பி வைத்தேன். போனார்கள், போன தடவை எந்த இடத்தில் தடுமாறினார்களோ அதே இடத்தில் தடுமாறிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அப்புறம்தான் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, "சரியாக எந்த நிமிடத்தில், என்ன ஆயிற்று?" என்று கேட்கத் தொடங்கினேன். ஒருவருக்கு மூச்சு போதவில்லை. இன்னொருவர் எழுதிவைத்த தமிழ் அவர் வாய்க்குப் பழக்கமில்லாத தமிழ். வேறொருவருக்குச் சொல்ல வந்த விஷயமே முடிவாகவில்லை. மூன்று பேரும் அதற்கு வைத்த பெயர் மட்டும் ஒன்று: பயம்.

அதனால் இங்கே தைரியத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். பல அறிகுறிகள் ஒன்றாக இருந்தால், 'நடுவில் மறந்துவிடுகிறது' என்ற பகுதியை முதலில் படியுங்கள். அதைச் சரிசெய்தால் மற்றவற்றில் பாதி தானாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

## பேசச் சொல்லிவிட்டார்கள், எழுத உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை

தாளின் உச்சியில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 'தூக்கம்', 'வாசிப்பின் பயன்', 'நேர மேலாண்மை' என்று ஒரு பெயர்ச்சொல் மட்டும் நின்றால், கோளாறு அங்கேயே இருக்கிறது. 'தூக்கம்' என்பது ஒரு கடல். எங்கே இறங்குவது, எங்கே கரையேறுவது? அதையே 'படுக்கையறைக்குள் போனை எடுத்துப் போகாதீர்கள்' என்று எழுதிப் பாருங்கள். ஏன், எப்படி, அலாரத்துக்கு என்ன செய்வது, அவசர அழைப்பு வந்தால்? கேள்விகள் தாமாக வந்து வரிசையில் நிற்கும். அந்தக் கேள்விகளும் அவற்றின் பதில்களும்தான் பேச்சு.

உங்களிடம் அப்படி ஒரு வாக்கியம் இருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை. உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வெளியே வருகிறவரை வாசலில் ஒரு நண்பர் மறித்து, "என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறார். அவர் ஒரே மூச்சில் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? அதை எழுதுங்கள். வினைமுற்றோடு முடிய வேண்டும். அது கிடைக்கும்வரை வேறு ஒரு வரிகூட எழுத வேண்டாம். தயாரிப்பு நேரத்தில் பாதி இதற்கே போனாலும் நஷ்டமில்லை என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு காரணமும் உண்டு: யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதுவது. திருக்குறளில் 'அவையஞ்சாமை' 73ஆவது அதிகாரம். அதற்கு முந்தியது, 72ஆவது, 'அவையறிதல்'. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். கூட்டத்தை அறிந்தவனுக்குத்தான் அஞ்சாமை கைகூடும். அழைத்தவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை பேர் வருவார்கள்? இந்த விஷயம் அவர்களுக்கு எவ்வளவு தெரியும்? எனக்கு முன்னால் யார் பேசுகிறார், எனக்குப் பின்னால் என்ன நிகழ்ச்சி? எத்தனை நிமிடம்? கடைசியாக ஒன்று: நான் சொல்லப்போவதில் எதை அவர்கள் நம்ப மறுப்பார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்தால், பேச்சின் நடுப்பகுதி ஏறக்குறைய தயார்.

தொடக்க வரியிலேயே மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள், அதைக் கடைசியில் எழுதுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாசற்படி கட்ட முடியாது.

## தாளில் நன்றாக இருக்கிறது, பேசினால் வாயில் வரவில்லை

தமிழில் பேசுகிறவர்களுக்கே உரிய சிக்கல் இது. ஆங்கிலத்தில் வந்துள்ள பயிற்சிக் குறிப்புகள் இதற்கு உதவா. நாம் ஒரு தமிழில் எழுதுகிறோம், இன்னொரு தமிழில் வாழ்கிறோம். எழுதும்போது 'செய்துகொண்டிருக்கின்றனர்' என்று கை தானாகப் போகிறது. வாய் காலையிலிருந்து 'செஞ்சிட்டிருக்காங்க' என்று பேசிப் பழகியிருக்கிறது. மேடையில் பதற்றம் கூடும்போது நாக்கு பழைய பழக்கத்துக்கு ஓடும், நினைவு எழுத்துத் தமிழைப் பிடித்து இழுக்கும். அந்த இழுபறிதான் உங்களுக்குத் திக்கலாகத் தெரிகிறது.

எச்சங்களின் சங்கிலி இன்னொரு தொல்லை. 'சென்று, கண்டு, உணர்ந்து, தெளிந்து, பின்னர் அதனை நடைமுறைப்படுத்தி' என்று தாளில் கோத்துக்கொண்டே போகலாம். படிக்கிறவர் கண்ணைப் பின்னால் திருப்பிப் பார்த்துக்கொள்வார். கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. பேசுகிறவருக்கும் மூச்சு கிடையாது.

செய்ய வேண்டியது இது. எழுதியதை மூடி வைத்துவிட்டு, அதே விஷயத்தை எதிரில் இருக்கும் ஒருவருக்குச் சொல்வதுபோல் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு அந்தப் பதிவைக் கேட்டு, நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். வாக்கியங்கள் உடைந்து சின்னதாகியிருப்பதைப் பார்ப்பீர்கள். அதுதான் உங்கள் பேச்சு மொழி. சபைக்குத் தக்கபடி கொஞ்சம் சீர்செய்யலாம்: 'வந்துட்டாங்க' என்பதை 'வந்துவிட்டார்கள்' ஆக்கலாம். ஆனால் வாக்கிய நீளத்தைத் தொடாதீர்கள். முழுக்கச் செந்தமிழில்தான் பேச வேண்டும் என்று யாரும் வற்புறுத்தாதபோது, நீங்களே அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். ஏற்றுவதென்றால், மேடைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்.

## பெயரைக் கூப்பிட்டதும் நெஞ்சு படபடக்கிறது

உடலில் நடப்பது என்ன என்று தெரிந்தால் இதன் பாதி வேகம் அடங்கும். ஆபத்து என்று மூளை கருதியதும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் போகிறது, செரிமானம் மந்தமாகிறது, எச்சில் சுரப்பது குறைகிறது. வயிற்றுக் கலக்கம், வறண்ட வாய், நடுங்கும் விரல்கள் மூன்றும் இந்த ஒரே ஏற்பாட்டின் கிளைகள். ஓடவோ சண்டை போடவோ உடல் உங்களைத் தயார்படுத்துகிறது. நீங்கள் செய்யப்போவதோ அசையாமல் நின்று பேசுவது. கிளம்பிய சக்திக்குப் போக்கிடம் இல்லாததால்தான் நடுக்கம்.

ஆகவே சக்தியைச் செலவழியுங்கள். அழைப்புக்குப் பத்து நிமிடம் முன் வெளியே வேகமாக நடந்துவிட்டு வாருங்கள். நாற்காலியில் சிக்கிக்கொண்டால், உள்ளங்கைகளை ஒன்றோடொன்று அழுத்தி விடுங்கள். ஐந்தாறு தடவை போதும்.

அடுத்தது மூச்சு. 'ஆழமாக மூச்சை இழு' என்று எல்லாரும் சொல்வார்கள். விடுவதுதான் முக்கியம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடும்போது குறையும். இது எல்லா உடலிலும் நடப்பது. நான்கு எண்ணும் நேரம் இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணும் நேரம் மெதுவாக விடுங்கள். இரண்டு நிமிடம். பெருமூச்சாக இழுத்துக்கொண்டே இருந்தால் தலை சுற்றும்.

'அமைதியாகு, அமைதியாகு' என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வது உதவாது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசப்போகும் முன் 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொன்னவர்களின் பேச்சு, 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொன்னவர்களின் பேச்சைவிட நன்றாக இருந்ததாகக் கேட்டவர்கள் மதிப்பிட்டார்கள். காரணம் புரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும் குதிரையை நிறுத்துவது கடினம், திசை திருப்புவது எளிது. பதற்றத்துக்கும் உற்சாகத்துக்கும் உடலில் ஒரே அடையாளங்கள்தான்.

மாத்திரை பற்றிக் கேட்பவர்கள் உண்டு. படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் போன்ற மருந்துகளை மேடைக் கலைஞர்கள் சிலர் எடுத்துக்கொள்வது உண்மை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், நண்பரிடம் கடன் வாங்கவும் வேண்டாம்.

பெரும்பாலோருக்குப் படபடப்பு உச்சத்தில் இருப்பது பேசத் தொடங்கும் அந்த நேரத்தில்தான். ஓரிரு நிமிடத்தில் இறங்கத் தொடங்கும். அதனால் முதல் நிமிடத்தில் கடினமான எதையும் வைக்காதீர்கள்: எண்கள், பெயர்ப் பட்டியல், நகைச்சுவைத் துணுக்கு எதுவும் வேண்டாம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய, உங்களுக்கே நடந்த ஒரு விஷயத்தை வையுங்கள்.

## வாய் வறள்கிறது, கை நடுங்குகிறது, குரல் மேலே ஏறிவிடுகிறது

வாய்க்கு: சாதாரணத் தண்ணீர், சிறுசிறு மிடறாக. தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கனைக்கும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி இன்னும் எரிச்சலாகும். ஒரு மிடறு விழுங்கினாலே போதும்.

கைக்கு: ஒற்றைத் தாளைக் கையில் பிடிக்க வேண்டாம். விரல் கொஞ்சம் நடுங்கினாலும் தாள் பலமாகப் படபடக்கும். தடித்த அட்டை நல்லது.

காலுக்கு: முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காதீர்கள். இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரக்கூடும். லேசாகத் தளர்த்தி, இரண்டு பாதத்திலும் சமமாக எடை இருக்கட்டும்.

குரல் கீச்சென்று ஏறுவது தோளும் கழுத்தும் இறுகுவதால். மேடை ஏறுமுன் தோள்களைக் காதுவரை தூக்கிப் பொத்தென்று விடுங்கள். பிறகு மூச்சு வயிற்றுக்குப் போகிறதா என்று பாருங்கள். மேல் நெஞ்சிலிருந்து எடுத்த மூச்சு அரை வாக்கியத்துக்குள் தீர்ந்துவிடும். தீர்ந்த மூச்சில் பேசினால் எந்தக் குரலும் நடுங்கும்.

## என் நடுக்கம் எல்லாருக்கும் தெரிகிறது

நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தெரிவதில்லை. உங்கள் நெஞ்சு அடிப்பது உங்கள் காதில் கேட்கிறது. மூன்றாம் வரிசைக்குக் கேட்காது. உள்ளே நடப்பது வெளியே அப்பட்டமாகத் தெரிவதாக நினைப்பது மனிதர்களின் பொதுவான மயக்கம். உளவியலாளர்கள் கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு படி மேலே போனார்கள். பேசப்போகிறவர்களில் சிலருக்கு இந்த மயக்கத்தைப் பற்றி முன்கூட்டியே விளக்கிச் சொன்னார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்; கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். வேறு பயிற்சி எதுவும் இல்லை, இந்த ஒரு தகவல் மட்டும்தான். ஆகவே இந்தப் பத்தியைப் படித்ததே உங்களுக்கு ஒரு பயிற்சி.

"எனக்குப் பதற்றமாக இருக்கிறது, தவறிருந்தால் மன்னியுங்கள்" என்று தொடங்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதுவரை கவனிக்காதவர்களும் அதற்குப் பிறகு உங்கள் கையைப் பார்ப்பார்கள்.

## நடுவில் எல்லாம் மறந்துவிடுகிறது

எனக்கும் நடந்தது. எட்டு நிமிடப் பேச்சு, வரிக்கு வரி மனப்பாடம். நான்காவது பத்தி முடிந்ததும் அடுத்த சொல் இல்லை. மனதுக்குள் முதல் வரியிலிருந்து ஓடிவந்து பார்த்தேன். அதே இடத்தில் நின்றது. மறுபடி ஓடினேன், மறுபடி நின்றது. கூட்டம் இரக்கப்பட்டுக் கைதட்டியது, இறங்கிவிட்டேன். அன்றிரவு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தபோது முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் பிசகாமல் வந்தது. மறதி என்று நான் நினைத்தது மறதியே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

1891இல் இலண்டனை விட்டுக் கிளம்பும்போது இளைஞரான காந்தி நண்பர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். மிகச் சிறிய பேச்சு ஒன்றைக் கவனமாகத் தயாரித்து வைத்திருந்தார். முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. வந்ததற்கு நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவரே தன் வரலாற்றில் எழுதியது இது. பின்னாளில் கோடிக்கணக்கானவர்கள் காதுகொடுத்துக் கேட்ட அதே மனிதர்தான்.

வரிக்கு வரி மனப்பாடம் செய்யும்போது ஒவ்வொரு சொல்லும் அதற்கு முந்திய சொல்லில் தொங்குகிறது. ஒரு கண்ணி விட்டால் மிச்சம் முழுக்கக் கீழே விழும். விழுந்த இடம் பேச்சில் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது, ஏனென்றால் வழி நமக்குத் தெரியாது. அடுத்த அடி மட்டும்தான் தெரியும். எனவே சொற்களை விட்டுவிட்டு வழியைப் படியுங்கள். நான் சொல்லித்தருவது இப்படி:

முழுப் பேச்சையும் ஒரு முறை எழுதுங்கள். எழுதியதில் நான்கைந்து நிறுத்தங்களை, அதாவது ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களை, குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல், பார்த்ததும் படம் தோன்றும் சொல்லாக. 'தாக்கம்' வேண்டாம்; 'அம்மாவின் கண்ணாடி' வேண்டும். அந்தச் சொற்களை மட்டும் ஓர் அட்டையில், கையை நீட்டிப் பிடித்தாலும் தெரியும் அளவில் எழுதுங்கள். எழுதிய பேச்சை எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்து நின்று, வாய்விட்டுப் பேசுங்கள். ஒவ்வொரு தடவையும் சொற்கள் மாறும். மாறட்டும், அதுதான் நோக்கம். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்ததற்கு ஐந்து விதமாகப் போகத் தெரிந்தவர், ஒரு வழி அடைபட்டால் கலங்க மாட்டார். மூன்றாவது நிறுத்தத்திலிருந்து தொடங்கியும் பேசிப் பாருங்கள். எல்லாரும் முதலிலிருந்தே தொடங்கிப் பயிற்சி செய்வதால் தொடக்கம் மெருகேறி, முடிவு கரடுமுரடாகவே நின்றுவிடுகிறது.

ஒரே இரவில் ஆறு தடவை பேசிப் பார்ப்பதைவிட மூன்று நாளில் இரண்டிரண்டு தடவை நல்லது. இடைவெளி விட்டுப் படித்தது மனதில் நிற்கும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னை வைத்தே சோதித்துக் காட்டினார். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதை நான் பயிற்சியில் சேர்ப்பதே இல்லை. மனதுக்குள் யாரும் திக்குவதில்லை.

மனப்பாடம் செய்ய வேண்டியது இரண்டே: முதல் இரண்டு வாக்கியம், கடைசி வாக்கியம். ஏறவும் இறங்கவும் கைப்பிடி.

'அப்படியானால் பெரிய பேச்சாளர்கள் அந்த நேரத்தில் தோன்றியதைப் பேசுகிறார்களே?' என்று கேட்கலாம். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் 'எனக்கொரு கனவு உண்டு' என்று முழங்கிய பகுதி அவர் கையிலிருந்த உரையில் இல்லை. ஆனால் அந்தக் கனவை அவர் அதற்கு முன்பே வேறு மேடைகளில் பேசியிருந்தார். அதே ஆண்டு ஜூனில் டெட்ராய்ட்டிலும் பேசினார். தாளிலிருந்து கண்ணை எடுத்தபோது அவர் கால் வைத்தது பலமுறை நடந்து பழகிய தரையில்.

மேடையிலேயே மறந்துவிட்டால்: வாயை மூடுங்கள். 'ஆ… வந்து…' வேண்டாம். தண்ணீரை எடுத்து ஒரு மிடறு குடியுங்கள், அட்டையைப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால், கடைசியாகச் சொன்ன கருத்தை வேறு சொற்களில் மறுபடி சொல்லுங்கள். அல்லது, "இதுவரை இரண்டு விஷயம் பார்த்தோம்" என்று சொல்லி அவற்றைச் சொல்லுங்கள். மூன்றாவது பின்னாலேயே வரும். அதுவும் இல்லையென்றால் அந்த நிறுத்தத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுங்கள். நீங்கள் விட்டது என்ன என்று உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

## ஓட்டமாக ஓடிவிடுகிறேன், வாக்கியக் கடைசி விழுங்கிப் போகிறது

இந்த இரண்டும் ஒரே கோளாறு. நம் மொழியில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. 'ஆம்', 'இல்லை', 'செய்யலாம்', 'கூடாது' எல்லாம் அங்கேதான். வேகமாகப் பேசுகிறவருக்கு அந்த இடத்துக்கு வரும்போது மூச்சு தீர்ந்திருக்கும், குரல் தாழ்ந்திருக்கும். "இந்த மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்க…" வரை கணீரென்று கேட்டு, 'லாம்' என்பதா 'க்கூடாது' என்பதா தெரியாமல் போனால், பேச்சு முழுவதுமே வீண். பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டால் இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று தெரியும்.

பயிற்சி எளிது. ஒரு பத்தியை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். பிறகு ஒரு மூச்சு. பிறகு அடுத்த வாக்கியம். ஒரு வாரத்தில் வேகம் தானாகக் குறையும். 'மெதுவாகப் பேசு' என்று தனக்குத் தானே கட்டளையிட்டுக்கொண்டால், சொற்களை ரப்பர் போல இழுக்கத் தோன்றும். சொல்லுக்குச் சொல் வேகம் இயல்பாகவே இருக்கட்டும், வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விடுங்கள்.

'வந்து', 'அதாவது', 'என்ன சொல்றது' எல்லாம் அந்த இடைவெளியைப் பார்த்துப் பயந்து நாம் அடைக்கும் துணி. பேசுகிறவருக்கு ஒரு நொடி மௌனம் ஒரு யுகம். கேட்கிறவருக்கு அது சொன்னதை உள்ளே வாங்கிக்கொள்ளும் நேரம். பதிவைக் கேட்டு எத்தனை 'வந்து' என்று எண்ணுங்கள். எண்ணத் தொடங்கினாலே குறையும்.

## கூட்டம் போனைப் பார்க்கிறது

முதலில் உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். நேரம் தள்ளிப்போயிருக்கலாம், பசி வந்திருக்கலாம், பின்னால் சத்தம் கேட்காமல் இருக்கலாம். "பின்னால் கேட்கிறதா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேட்கிறது, ஆனாலும் பார்க்கவில்லை என்றால், கடைசியாகப் பேசிய ஐந்து வாக்கியங்களில் ஒரு மனிதராவது, ஒரு பொருளாவது வந்ததா என்று யோசியுங்கள். 'முக்கியத்துவம்', 'விழிப்புணர்வு', 'மேம்பாடு' என்று காற்றுச் சொற்களாகவே போயிருந்தால், அவர்களுக்கு மனதில் பார்க்க ஒன்றுமில்லை. அதனால் போனைப் பார்க்கிறார்கள். "ஒரு நாள் இரவு பதினொரு மணி" என்று ஆரம்பியுங்கள், தலைகள் நிமிரும். கருத்து பிறகு வரட்டும்.

திரையில் வரிகளை நிரப்பிவைத்து அதையே படிப்பது இன்னொரு காரணம். படிப்பதும் கேட்பதும் மொழியைக் கையாளும் ஒரே பாதையில் போட்டி போடும்; மக்கள் உங்களைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். திரையில் படமோ எண்ணோ இருக்கட்டும், விளக்கம் உங்கள் வாயில் இருக்கட்டும். பவர்பாயிண்டில் காட்சி ஓடும்போது 'பி' விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும். எல்லாக் கண்களும் உங்களிடம் திரும்பும் அந்த நேரத்தில் முக்கியமான வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

பார்வையைக் கலங்கரை விளக்கம்போல் இடமும் வலமும் சுழற்ற வேண்டாம். ஒருவரைப் பார்த்து ஒரு வாக்கியம் முழுவதும் சொல்லுங்கள், பிறகு இன்னொருவர். தலையாட்டிக் கேட்கும் முகங்கள் எந்தக் கூட்டத்திலும் இரண்டு மூன்று இருக்கும். தொடக்கத்தில் அவர்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

## நேரம் போதவில்லை, முடிவைச் சொல்லாமலே இறங்குகிறேன்

வாய்விட்டுப் பேசி நேரம் பார்க்காததுதான் காரணம். நிமிடத்துக்கு 150 சொல் என்பது ஆங்கிலக் கணக்கு. 'வரச்சொல்லியிருந்தார்களாம்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை அவர்கள் ஆறேழு சொல்லாகச் சொல்வார்கள். நான் அளந்து பார்த்த வரையில், நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல். பத்து நிமிடம் கொடுத்தால் எட்டு நிமிடத்துக்குத் தயாரியுங்கள், அதாவது 800 சொல். கைதட்டலும் சிரிப்பும் தாமதமும் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றக் கூட்டங்களில் ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சுக்கு ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு விளக்குக் காட்டுவார்கள். உங்கள் நண்பர் ஒருவரை முன் வரிசையில் உட்காரவைத்து, இரண்டு நிமிடம் இருக்கும்போது கையை உயர்த்தச் சொன்னாலும் அதே பயன்தான். எந்த நிறுத்தத்தைத் தூக்கிவிடலாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து அட்டையில் கோடிட்டு வையுங்கள். மேடையில் முடிவெடுக்க முடியாது.

குறைவாகப் பேசினால் மதிப்பு குறையுமோ என்று நினைக்க வேண்டாம். 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் சுமார் இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பிறகு ஜனாதிபதி லிங்கன் சுமார் இரண்டு நிமிடம் பேசினார். தாம் இரண்டு மணி நேரத்தில் தொட முயன்றதை லிங்கன் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டார் என்று எவரெட்டே மறுநாள் கடிதம் எழுதினார்.

## மைக் கூவுகிறது, அல்லது 'ப' வெடிக்கிறது

மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள், அதன் தலையைக் கையால் பொத்தவும் வேண்டாம். இரண்டுமே கூவலைக் கூட்டும். கைமைக்கை வாயிலிருந்து மூன்று நான்கு விரல் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுச் சாய்வாகப் பிடித்தால் 'ப', 'ப்ப' வெடிக்காது. தலை திரும்பும்போது மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்ப்பதற்குப் பதில் பேசிப் பாருங்கள். முடிந்தால் கூட்டம் வருமுன்பே போய் நின்று ஒரு நிமிடம் பேசிவிடுங்கள். அந்த இடம் உங்களுக்குப் பழகிவிடும்.

## கேள்வி கேட்டால் வெலவெலத்துப் போகிறேன்

கேள்வியை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் கேட்கும், உங்களுக்கும் ஐந்து நொடி கிடைக்கும். தெரியாததற்கு "இது எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்பது முழுமையான பதில். அதை நேராகச் சொல்கிறவரிடம் சபைக்கு மரியாதை கூடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கோபமாகக் கேட்கிறவரிடம், அவர் சொன்னதில் சரியான பகுதி எது என்று முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு உங்கள் பதிலைச் சொல்லுங்கள். கண்ணை அவரிடம் தொடங்கி வேறொருவரிடம் முடியுங்கள். இல்லையென்றால் அது இருவர் விவாதமாகிவிடும்.

நிகழ்ச்சி கேள்வியோடு முடிய வேண்டாம். மனப்பாடமாக வைத்த கடைசி வாக்கியத்தைக் கேள்விகளுக்குப் பிறகும் ஒருமுறை சொல்லி முடியுங்கள்.

## பேசி முடித்த இரவு தூக்கம் வரவில்லை, உளறியதே ஓடுகிறது

இதை அறிகுறியாக யாரும் சொல்வதில்லை, ஆனால் அடுத்த மேடையைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். அன்றிரவு பதிவைக் கேட்காதீர்கள். ஒரு தாளில் இரண்டே வரி எழுதுங்கள்: எந்த இடத்தில் கூட்டம் உங்களோடு இருந்தது, எந்த இடத்தில் விட்டுப்போனது. இரண்டு நாள் கழித்துப் பதிவைக் கேட்டு, அந்த இரண்டு இடமும் சரியா என்று பாருங்கள். நீங்கள் விட்டுப்போனதாக நினைத்த இடத்தில், பதிவில் வெறும் ஒரு சின்ன இடைவெளிதான் இருக்கும் பல சமயம். உண்மையான கோளாறு ஒன்று கண்ணில் பட்டால், அதை இந்தத் தலைப்புகளில் ஒன்றில் வைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த பேச்சுக்கு ஒப்புக்கொள்ளும்போது அந்தக் கோளாறின் பெயரை அட்டையின் பின்பக்கம் எழுதிவையுங்கள்.